காற்று இருக்கட்டும், கத்தல் வேண்டாம்!

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்)



கரூர் ரோடும் தாராபுரம் ரோடும் திருப்பூர் ரோடும் வந்து சேருகிற ஊர் நம் காங்கேயம். தேங்காய்க் களங்களுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் லோடு ஏற்ற இறக்க லாரிகள் வந்தவண்ணம் இருக்கின்றன. பஸ்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரவுண்டானா பக்கம் பத்து நிமிஷம் நின்றால் ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் இப்போதெல்லாம் அப்படிச் சொன்னால் ஏமாந்து போவோம். லாரி வருகிறது என்று ஒதுங்கினால் வருவது பொலிரோ! ரயிலே ஊருக்குள் வந்துவிட்டதா என்று திரும்பினால் ஸ்கார்பியோ!

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஒர்க் ஷாப்பில் கைவேலை பழகி வருகிறேன். "அப்புனு, என்ற வண்டீல ரயிலாட்டச் சத்தம் வரோணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. டிப்ளமோ முடித்து வெளியே போனால் நம்மில் பாதிப் பேர் நிற்கப் போவது இப்படிப்பட்ட ஒர்க் ஷாப்பில்தான். ஆகவே ஏர் ஹாரன் எப்படி வேலை செய்கிறது, ஜீப் மாதிரி வண்டியில் காற்று எங்கிருந்து வருகிறது, மாட்டினால் எப்படி மாட்டுவது, மாட்டலாமா கூடாதா என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

நாதஸ்வரமும் ஏர் ஹாரனும்

வண்டியோடு கம்பெனியிலிருந்து வருவது எலக்ட்ரிக் ஹாரன். அதில் ஒரு காயில், ஒரு கான்டாக்ட், ஒரு இரும்பு டயாஃப்ரம். கரண்ட் போனதும் காயில் காந்தமாகி டயாஃப்ரத்தை இழுக்கும். இழுத்ததும் கான்டாக்ட் பிரிந்து கரண்ட் நிற்கும். டயாஃப்ரம் திரும்பி வரும். மறுபடி கான்டாக்ட் சேரும். ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. நம் வீட்டு காலிங் பெல்லின் அண்ணன் எனலாம்.

ஏர் ஹாரனில் கரண்டுக்குப் பதில் காற்று. இதைப் புரிந்துகொள்ள நாதஸ்வரத்தைப் பார்த்தால் போதும். வாசிப்பவர் ஊதும்போது சீவாளி அதிர்கிறது; அந்த அதிர்வைக் குழல் வாங்கி ஸ்ருதியாக்குகிறது; அடியில் இருக்கும் அணசு அதைத் திறந்த வெளிக்குத் தள்ளுகிறது. ஏர் ஹாரனில் சீவாளியின் இடத்தில் ஒரு மெல்லிய டயாஃப்ரம், குழலின் வாயை அடைத்தாற்போல அமர்ந்திருக்கும். அழுத்தக் காற்று அறைக்குள் வந்ததும் டயாஃப்ரத்தைத் தூக்கும். தூக்கியவுடன் காற்று குழலுக்குள் பாயும், அறையில் அழுத்தம் குறையும், டயாஃப்ரம் பழையபடி வந்து அடைக்கும். மறுபடி அழுத்தம் ஏறும், மறுபடி தூக்கும். குழல் நீளமானால் ஸ்ருதி கீழே இறங்கும், குட்டையானால் மேலே ஏறும். அதனால்தான் மூன்று நாலு குழலை வேறு வேறு நீளத்தில் வைத்துச் சேர்ந்து அலற விடுகிறார்கள். ரயில் என்ஜின் சத்தம் நமக்கு 'ஒரு மாதிரி' கேட்பதற்கும் இப்படிப் பல ஸ்ருதி ஒன்றாய் வருவதுதான் காரணம்.

ரயிலுக்கு அந்தச் சத்தம் தேவை. அதனால் விலகிப் போக முடியாது. பிரேக் போட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்பது கஷ்டம். அழுத்தக் காற்றும் அதனிடம் கைவசம் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்கு ஏர் பிரேக் கண்டுபிடித்து உரிமம் வாங்கினார். பிரேக்குக்காக வந்த காற்றில்தான் பிற்பாடு ஹாரனும் ஊதினார்கள். லாரி, பஸ்ஸிலும் இதே கதைதான். காற்று முதலில் பிரேக்குக்கு வந்தது; ஹாரன் அதில் ஒட்டிக்கொண்டது. விலகவும் தெரிந்த, நிற்கவும் தெரிந்த ஒரு ஸ்கார்பியோவுக்கு ரயிலின் குரல் எதற்கு என்று வாடிக்கையாளரிடம் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். ஆனாலும் கேட்கலாம்.

பிரேக் காற்றும் ஹாரன் காற்றும்

என் அப்பா லாரி டிரைவர். ஏழாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். ஏர் பிரேக் பாடம் நடந்த வாரம் சிஸ்டம் புரொடெக்ஷன் வால்வு, அன்லோடர் வால்வு என்று நான் அப்பாவிடம் பெருமையாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது பேரெல்லாம் தெரியாது கண்ணு. முள்ளு இறங்குதான்னு பாத்துட்டே ஓட்டோணும், அவ்வளவுதான்" என்றார். அந்த முள் காற்று அழுத்த கேஜின் முள். புத்தகத்தில் நாலு பக்கம் இருப்பதை அவர் ஒரே வரியில் வைத்திருக்கிறார்!

என்ஜினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி டேங்குகளுக்கு அனுப்பும். பெரிய வண்டிகளில் இந்த அழுத்தம் சுமார் 7, 8 பார். நம்ம ஊர் பஞ்சர் கடைக் கணக்கில் நூறு பவுண்டுக்கு மேல். அழுத்தம் போதும் என்றானதும் அன்லோடர் வால்வு மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடும். சிக்னலில் நிற்கும் பஸ் திடீரென்று 'புஸ்ஸ்' என்று மூச்சு விடுகிறதே, அதுதான். பிறகு சிஸ்டம் புரொடெக்ஷன் வால்வு இந்தக் காற்றை முன் பிரேக், பின் பிரேக், பார்க்கிங் பிரேக், மற்ற உபயோகம் என்று தனித்தனிப் பாதையாகப் பிரிக்கிறது. ஒரு பாதையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவற்றில் காற்று தங்கும். ஹாரனுக்கு உரிய இடம் அந்த 'மற்ற உபயோகம்' என்ற கடைசிப் பாதை மட்டுமே.

சில பழைய வண்டிகளில் கைக்குக் கிடைத்த பைப்பில், அதாவது பிரேக் டேங்கிலேயே ஒரு டீ போட்டு ஹாரனுக்கு இழுத்திருப்பார்கள். சமவெளியில் இது தெரியவே தெரியாது. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியில் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடோடு இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் மிதிக்க வேண்டும். மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் காற்று செலவு. எதிரே வண்டி வருமே என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரனும் அடிக்க வேண்டும். இரண்டும் ஒரே டேங்க் என்றால் ஒரு மடிப் பணத்தில் இரண்டு குடும்பம் நடத்துகிற கதைதான். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டியில் அழுத்தம் ரொம்ப இறங்கினால் ஸ்பிரிங் தானாகவே பின்சக்கரத்தைப் பிடித்துவிடும். நல்லதுதானே என்று தோன்றும். மழையில் நனைந்த வளைவில் பாரத்தோடு பின்சக்கரம் தானாகப் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒர்க் ஷாப்புக்கு லாரி வந்தால் ஹாரன் பைப் எங்கிருந்து கிளம்புகிறது என்று ஒரு நிமிஷம் குனிந்து பார்ப்பது நம் வேலை.

ஜீப் வகை வண்டியில்

பொலிரோ, ஸ்கார்பியோ, சுமோ போன்ற வண்டிகளில் இருப்பது ஹைட்ராலிக் பிரேக். அழுத்தக் காற்று என்பதே வண்டியில் கிடையாது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைக் காட்டி "இதுல காத்து எடுக்கலாமுங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் இருப்பது வெற்றிடம், அதாவது வாக்குவம். அங்கே கை வைத்தால் ஹாரனும் ஊதாது, பிரேக் மிதியும் கல்லு மாதிரி இறுகிப் போகும். ஆகவே தனியாக ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸரும் டேங்கும் வைத்தாக வேண்டும்.

கடையில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, கையளவு கம்ப்ரஸரிலிருந்து நேரே குழலுக்கு டியூப் போகும் சின்ன செட். டேங்க் கிடையாது, பட்டன் அழுத்தினால் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கி அழுத்தம் ஏறிய பிறகே சத்தம் வரும். அவசரத்துக்கு அடித்தால் அவசரம் முடிந்த பிறகு ஊதும்! மற்றொன்று டேங்க் வைத்த முழு அமைப்பு. இதில்தான் விஷயம் இருக்கிறது.

கம்ப்ரஸரை என்ஜின் சூடு நேரே படாத இடத்தில், ரப்பர் புஷ் வைத்து மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி முழுக்க அதிரும். காற்று உறிஞ்சும் ஃபில்டர் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்கட்டும். நம்ம பக்கத்துச் செம்மண் புழுதிக்கு அதை அடிக்கடி கழற்றித் தட்டவும் வேண்டும். கம்ப்ரஸருக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. டேங்கில் பிரஷர் ஸ்விட்ச், கேஜ், சேஃப்டி வால்வு, அடியில் தண்ணீர் இறக்க ஒரு டிரெய்ன் காக். பிரஷர் ஸ்விட்ச் என்பது வீட்டு மாடித் தொட்டியின் மிதவை மாதிரி. கீழ் அளவுக்கு இறங்கினால் கம்ப்ரஸரை ஓட்டும், மேல் அளவுக்கு ஏறினால் நிறுத்தும். அந்த ஸ்விட்ச் ஒருநாள் ஒட்டிக்கொண்டுவிட்டால்? அதற்குத்தான் சேஃப்டி வால்வு. அதைக் காசு மிச்சம் பிடிக்கிற இடமாக நினைக்கக் கூடாது.

வயரிங்கில் ஒரே ஒரு விதி: கம்ப்ரஸர் 20 ஆம்பியர் வாங்கினால் அந்த 20 ஆம்பியர் வண்டியின் பழைய வயரிலோ டாஷ்போர்டு ஸ்விட்சிலோ ஓடக் கூடாது. பேட்டரியிலிருந்து தடித்த தனி வயர் இழுக்க வேண்டும். பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், பிறகு ரிலேயின் 30-ஆம் பின், 87-லிருந்து கம்ப்ரஸர். 85, 86-க்கு மட்டும் பிரஷர் ஸ்விட்ச் வழியாகச் சின்ன கரண்ட். சாவி போட்டால்தான் ஓட வேண்டும் என்றால் அந்தச் சின்ன கரண்டை இக்னிஷனிலிருந்து எடுங்கள். இல்லையேல் இரவில் எங்காவது லீக் இருந்தால் கம்ப்ரஸர் தானே ஓடி ஓடிக் காலையில் பேட்டரியைக் காலி செய்திருக்கும். ஃபியூஸைப் பேட்டரிக்குத் தூரத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயர் பாடியில் உரசும் அன்றைக்குத் தீதான்.

டேங்க் விஷயத்தில் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது. தடித்த பிவிசி பைப்பின் இரண்டு முனையையும் அடைத்து டேங்க் ஆக்கியவர்கள் உண்டு. பழைய தீயணைப்பு சிலிண்டரை உபயோகிப்பவர்களும் உண்டு. 10 லிட்டர் டேங்கில் 8 பார் காற்று என்றால் உள்ளே அடங்கியிருக்கும் சக்தி ஏறக்குறைய 10 கிலோ ஜூல் ஆகும். 25 கிலோ அரிசிச் சிப்பம் நாலைச் சேர்த்துக் கட்டி மூன்று மாடி உயரத்திலிருந்து போட்டால் வருகிற அடி அது. பிவிசி உடையும்போது கிழியாது, கண்ணாடிச் சில்லாய்த் தெறிக்கும். டெஸ்ட் செய்த ஏர் டேங்க், அதன் மேல் எழுதியிருக்கிற அழுத்தத்துக்குக் கீழேதான் வேலை. அழுத்தத்தில் இருக்கும் டேங்கில் வெல்டிங் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

முதலாமாண்டு இயற்பியலில் பாயில் விதி படித்தோமே, அது இங்கே உபயோகமாகிறது. 10 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கினால் நமக்குக் கிடைக்கும் சாதாரணக் காற்று 10 × 4 = 40 லிட்டர். பொலிரோ அளவு டயர் ஒன்றின் உட்கொள்ளளவு சுமார் 45, 50 லிட்டர். அதை 20 பவுண்டிலிருந்து 32 பவுண்டுக்கு ஏற்ற வேண்டுமென்றால் 12 பவுண்டு, அதாவது 0.83 பார். பெருக்கினால் மறுபடி ஏறக்குறைய 40 லிட்டர். ஆக டேங்க் நிறைய இருக்கும் காற்று ஒரே ஒரு டயருக்குத்தான் சரி!

இதிலிருந்து தெரிவது என்ன? டயருக்குக் காற்று பிடிக்கிற ஆளுக்கு டேங்க் பெரிதாக இருந்து பிரயோஜனம் குறைவு. கம்ப்ரஸர்தான் நல்லதாக இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 30 லிட்டர் தரும் கம்ப்ரஸர் என்றால் டயருக்கு ஒன்றரை நிமிஷம் போதும். டேங்க் தேவைப்படுவது ஹாரனுக்கு. மூன்று நாலு நிமிஷம் சேர்த்த காற்றை அது சில நொடியில் ஊதித் தீர்க்கிறது. அந்தக் காற்று குழலுக்குப் போக ஸோலனாய்டு வால்வை ஹாரனுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். தூரத்தில் வைத்தால் ஹோஸ் நிறைவதற்குள் சத்தம் இழுத்துக்கொண்டு வரும். குழல் வாய் கொஞ்சம் கீழ்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் தங்காது.

கம்ப்ரஸர் என்றால் நம்ம கோயமுத்தூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1960-இல் அங்கே தொடங்கிய எல்ஜி எக்விப்மென்ட்ஸ் முதலில் செய்தவற்றில் ஏர் கம்ப்ரஸரும் ஒர்க் ஷாப் சாதனங்களும் உண்டு. இன்று உலகம் முழுக்க விற்கிறார்கள்.

சட்டமும் காதும்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 119-ஆம் விதி ஹாரனைப் பற்றியது. பல ஸ்ருதி மாறி மாறி ஒலிக்கும் ஹாரனும், அளவுக்கு மீறிக் கடூரமாக, கிறீச்சென்று, திடுக்கிடும்படி ஒலிக்கும் எந்தச் சாதனமும் கூடாது என்கிறது அது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் வண்டிகளுக்கு விலக்கு. வண்டியில் மாட்டிய ஹாரனின் ஒலி 7 மீட்டர் தூரத்தில் அளந்தால் 93 முதல் 112 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். சத்தத் தரத்தை மீறிய வண்டியை ஓட்டினாலும் ஓட்டவிட்டாலும் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ. லைசென்ஸும் மூன்று மாதம் போகும். தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலே 1,000 ரூபாய். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் ஆபத்து நேரம் தவிர ஹாரன் அடிக்கக் கூடாது என்பது ஒலி மாசு விதிகளில் 2010-இல் சேர்ந்தது. கேரளாவில் 2025 அக்டோபரில் வண்டிகளிலிருந்து கழற்றிய ஏர் ஹாரன்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். மாட்டும்போது வாங்கிய காசு நமக்கு, நசுங்கின காசு அவருக்கு!

டெசிபல் கணக்கு கொஞ்சம் வஞ்சகமானது. தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். 7 மீட்டரில் 112 என்றால் மூன்றரை மீட்டரில் 118. சட்டத்துக்கு உட்பட்ட ஹாரனுக்கே இந்தக் கணக்கு. சிக்னலில் முன்னால் டிவிஎஸ் ஃபிஃப்டியில் நிற்கும் பால்காரருக்கும் நமக்கும் இடையே அவ்வளவு தூரம்கூட இருக்காது. தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை. 115 டெசிபல் என்றால் கால் மணி நேரம். அதற்கு மேல் ஒரு நொடியும் அனுமதி இல்லை. அரிசி ஆலைக்குள் உண்டான பாதுகாப்பு ரோட்டில் நடப்பவருக்குக் கிடையாது.

அப்பாவுக்கு வலது காது மந்தம். டிரைவர் பக்கத்து ஜன்னல் காது அது. காது டாக்டர் எடுத்த கிராஃபை நான்தான் வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கிராஃப் பார்க்கத் தெரிந்தவன் நான்தானே. கோடு நேராக வந்து 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுகிறது. சத்தத்தால் காது கெட்டவர்களுக்கு இப்படித்தான் வரும் என்றார் டாக்டர். என்ஜின் சத்தமா, காற்றா, ஹாரனா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். உட்காதில் இருக்கும் நுண்ணிய முடி போன்ற செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அந்தப் பள்ளத்தில்தான் ச, த போன்ற எழுத்துக்களின் கூர்மை இருக்கிறது. நான் "சத்தி" என்றால் அவர் "எதைப் பத்தி?" என்கிறார். சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. பின்னால் வரும் வண்டியின் ஹாரன் இன்னும் பலமாக இருந்தால்தான் கேட்கும் என்கிற நிலைமைக்கு டிரைவர்கள் வந்து, அதனால் ஹாரன் இன்னும் பெரிதாகி, அதனால் காது இன்னும் மந்தமாகி... இது எங்கே போய் நிற்கும்?

என்ன சொல்லி அனுப்புவது?

காசோடு வருகிறவரைத் திருப்பி அனுப்புவது முதலாளிக்குப் பிடிக்காது. எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூலி பஸ் பாஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகிறது. அதனால் நான் 'முடியாது' என்று ஆரம்பிப்பதில்லை. "காத்து வெக்கலாமுங்க, ஹாரனை அப்புறம் பாக்கலாமுங்க" என்று ஆரம்பிக்கிறேன். குரல் போதவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் குறை வேறு எங்கோ இருக்கும். பழைய ஹாரனின் எர்த் துருப்பிடித்திருக்கும், ரிலே கான்டாக்ட் கருகியிருக்கும், மெலிந்த வயரில் 12 வோல்ட் போய்ச் சேரும்போது 9 ஆகியிருக்கும். எர்த்தைச் சுரண்டி, ரிலே மாற்றி, தரமுத்திரை உள்ள ஹாய்-லோ எலக்ட்ரிக் ஹாரன் ஜோடி ஒன்றைப் போட்டால் பலருக்கு அதுவே 'ஏனுங்க, இவ்வளவு சத்தமா!' என்று ஆகிவிடுகிறது.

காற்றுக்கு உபயோகம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. போன மாதம் ஒரு தோட்டக்காரர் வண்டியில் மாட்டினோம். ரயில் ஹாரன் கேட்டு வந்தவர்தான். டயர் கணக்கைச் சொன்னதும் "அப்ப டிராக்டருக்கும் பிடிக்கலாமுங்களா?" என்றார். ஹாரனை விட்டுவிட்டார். டேங்கைச் சின்னதாக்கி, மிச்சக் காசில் கம்ப்ரஸரைப் பெரிதாக்கினோம். எல்லா ஜாயின்ட்டிலும் டெஃப்லான் டேப் சுற்றி, அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணி தடவிக் குமிழி பார்த்தோம். ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் கேஜைப் பார்த்தோம். முள் வைத்த இடத்திலேயே இருந்தது. முதல் வாரமே தோட்டத்துப் பிள்ளைகள் சைக்கிளோடு வரிசையில் நிற்கிறார்களாம்.

வாரம் ஒருமுறை டிரெய்ன் காக்கைத் திறந்து தண்ணீர் இறக்கச் சொல்லியிருக்கிறேன். கம்ப்ரஸர் தொடர்ந்து ஓடிச் சூடானால் ஆறவிட்டு ஓட்ட வேண்டும். டிரெய்லர் வரை எட்ட 30 அடி ஹோஸ் வாங்கினார். ஆனால் டிரெய்லர் சக்கரத்தில் வால்வு உள்பக்கமாக வளைந்து கிடப்பதால் நேர் மூக்குள்ள ஏர் சக் அதில் உட்காரவில்லை. நீங்கள் மாட்டிக் கொடுக்கும்போது வளைந்த மூக்கு சக் ஒன்றும் சேர்த்தே வாங்கச் சொல்லுங்கள்.